வண்டி ரிப்பேர் ஆகவில்லை, பாப்பா

திண்டுக்கல்

அன்பு மகளுக்கு,

நீயும் உன் சிநேகிதியும் மணாலியிலிருந்து லடாக்கில் இருக்கும் லேவுக்கு வண்டியில் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். போய்விட்டு வா பாப்பா, நான் தடுக்க மாட்டேன். கிளட்ச் கேபிள், ட்யூப், பிளக், செயின் லாக் எல்லாம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். புதுக் கேபிளைப் பெட்டியில் வைக்காதே. பழைய கேபிளை ஒட்டியே அதையும் கோத்து, இரண்டு முனையையும் டேப் சுற்றி விட்டுவிடு. பழையது அறுந்தால் நடு மலையில் டேங்கைக் கழற்ற வேண்டியிருக்காது.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. வேறொன்று சொல்ல வேண்டும்.

நானும் வெல்டிங் மாமாவும் 1996 ஆகஸ்டில் அதே ரோட்டில் போனோம். லே போய்ச் சேரவில்லை. "ஓடைத் தண்ணியில அரை கிளட்ச்சிலேயே ஓட்டி பிளேட்டை எரிச்சுப்புட்டேன், என் தப்புதான்" என்று மாமா சொல்லி நீ சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாய். அது நடக்கவே இல்லை. சென்னையில் பெட்ரோலை வடித்து, சாக்குக் கட்டி ரயிலில் ஏற்றிய அந்த புல்லட், டெல்லியில் இறக்கியதும் முதல் உதையிலேயே எழுந்த வண்டி. கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை.

அப்போது சுரங்கம் இல்லை. நீங்கள், 2020-ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கத்துக்குள் 9 கிலோமீட்டர் ஓட்டினால் மலைக்கு அந்தப் பக்கம் லாஹௌல் பள்ளத்தாக்குக்கு வந்துவிடுவீர்கள். நாங்கள் ரோதாங் கணவாய் ஏறி, சேற்றில் இறங்கி, கேலாங் வந்தோம். வரும் வழியிலேயே தண்டி என்ற ஊர் பங்கில் டேங்கையும் கேனையும் நிரப்பியிருந்தோம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே பலகை இருந்தது. மறுநாள் மதியம் ஜிஸ்பா கிராமம். பாகா ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. மாமா வண்டியை விட்டு இறங்கி, கூழாங்கல்லில் உட்கார்ந்து, காலை ஆற்றில் விட்டார். "மாப்ள, இன்னைக்கு இங்கேயே படுத்துக்குவோம்டா. தலை ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

நான் கேட்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே சார்ச்சு போய்விடலாம், ஒரு நாள் மிச்சம் என்றேன். மாமா மறுபேச்சுப் பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மணாலி ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம்தான். சார்ச்சு அதைப்போல இரண்டு மடங்கு, 4,200 மீட்டருக்கு மேல். பனி உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு, வெயில் ஏற ஏற முழங்கால் அளவு. நாங்கள் கடந்தது மதியத்துக்கு மேல். இருட்டும்போது கூடாரத்துக்கு வந்தோம். மாமா சாப்பிடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வாந்தி. அசதி என்று நினைத்து ஒரு தலைவலி மாத்திரை கொடுத்துவிட்டு நான் தூங்கப் போனேன். அதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

விடியற்காலையில் எழுப்பினால் சம்பந்தமில்லாமல் பேசினார். பக்கத்து ராணுவ முகாமுக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். அங்கிருந்த மருத்துவச் சிப்பாய் பூட்ஸ் குதிகாலால் சரளை மண்ணில் ஒரு கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து அந்தக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். மாமாவால் மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. ஐந்து அங்குல அகலத்துக்கு இரும்பை வெட்டினால் நூல் பிசகாத கை அவருக்கு. அந்தக் கோட்டில் அவர் சாய்ந்ததை நான் பார்த்தேன் பாப்பா.

உயரத்தில் காற்று குறைவதால் வரும் நோய், உடனே கீழே இறக்குவதுதான் மருந்து என்றார்கள். ஆனால் சார்ச்சு இரண்டு பக்கமும் கணவாய் உள்ள இடம். கீழே போவதற்கே முதலில் பாராலாச்சா கணவாய்க்கு 600 மீட்டர் ஏற வேண்டும். ஆக்சிஜன் வைத்து ஒரு லாரியில் ஏற்றினார்கள். நான் புல்லட்டில் பின்னாலேயே போனேன். தார்ப்பாய் ஆடுவதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மலையைப் பார்க்கவில்லை. கேலாங் வந்து இரண்டு நாளில் மாமா இட்லி கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஊருக்கு வந்ததும் பட்டறையில் எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் மாமா கிளட்ச் கதையைச் சொல்லிவிட்டார். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன், இத்தனை வருஷம்.

உன் வண்டி எப்.ஐ., அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து தெளிக்கும் வண்டி. மேலே காற்று குறைந்தால் அதுவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் கார்புரேட்டருக்கு அது தெரியாது, பிளக் கறுத்துப்போகும். உடம்பும் அப்படித்தான், அதற்கு நாள் கொடுக்க வேண்டும். மணாலியில் இரண்டு ராத்திரி, ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். உன் சிநேகிதி தலை வலிக்கிறது என்றால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. அவள் சொல்லாவிட்டாலும் நீ கேள். சாயங்காலம் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை.

நேற்று மாமாவிடம் போய், பாப்பாவுக்கு உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஆத்தங்கரையில ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுடா" என்றார்.

ஜிஸ்பாவில் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா