முரசு வீக்கமும் என்ர சீனியும்

மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜுக்குப் பதில் போடப் பிந்திப்போச்சு, குறை நினைக்காத. இங்க வெயில் எண்டா வெயில், கோண்டாவில் வளவுக் கிணறு அடியில போய் நிக்குது.

என்ர சீனி இறங்குதில்ல எண்டு போன தரம் சொன்னனான் எல்லே, குளிசையும் கூட்டி இரவில சோத்தை விட்டு குரக்கன் புட்டுக்கு மாறியும் அப்பிடியே நிண்டுது, கடைசியா கிளினிக் டொக்டர் வாயைத் திற எண்டு பாத்திட்டு, முரசு, அதுதான் பல்லைச் சுத்தியிருக்கிற சதை, வீங்கியிருக்கு, முதல்ல பல்லு டொக்டரிட்டப் போ எண்டிட்டார். சீனிக்கும் பல்லுக்கும் என்ன எண்டு எனக்குச் சிரிப்பு. பேந்துதான் இருந்து வாசிச்சன்.

சின்னனில கருக்கு மட்டை வெட்டி உன்ர கால் வீங்கினது ஞாபகம் இருக்கே? சிவந்து, சுட்டு, வீங்கி, நொந்து. அந்த நாலும்தான் அழற்சி, ரோமாபுரியில செல்சஸ் எண்டவர் கிட்டத்தட்ட 2000 வருசத்துக்கு முந்தியே எழுதி வச்சிருக்கிறார். காயம்பட்ட இடத்தில ரத்தக்குழாய் விரிஞ்சு கசிய, முதல்ல நியூட்ரோபில் எண்ட வெள்ளைக்கலம் வரும், பின்னால மாக்ரோபேஜ் வந்து கிருமியையும் செத்த கலங்களையும் திண்டு துப்பரவாக்கும், பேந்து எல்லாம் அடங்கீரும். ஒரு கிழமையில நீ திரும்ப மதில் ஏறினனி.

முரசில அது அடங்கிறேல்ல. பல்லோரம் ஊத்தை கல்லாக் கட்டி, கிருமி அதுக்குள்ளயே குடியிருக்கு, கலங்களும் விடாம வந்துகொண்டே இருக்கு, கடைசியில பல்லைத் தாங்கிற எலும்பும் கரையுது. பெரிசா நோகாது மச்சான், அதுதான் கள்ளத்தனம். பல்லுத் தீட்டேக்க 5 வருசமா ரத்தம் வந்தது, வயசு போகுது எண்டு நான் விட்டிட்டன். அந்தக் கலங்கள் விடுற டிஎன்எஃப், ஐஎல்-6 எண்ட, அழற்சியைக் கூட்டுற சாமான்கள் எல்லாம் ரத்தத்தோட ஓடி, ஈரலை சீஆர்பி எண்ட, அழற்சியைக் காட்டுற புரதத்தைச் சுரக்க வைக்குது, இன்சுலின் சொல்லுறதை மற்றக் கலங்கள் கேக்காமலும் பண்ணுது, சீனி ஏறுது, சீனி ஏற முரசு இன்னும் பழுதாகுது. வயித்துக் கொழுப்பும் இதே சாமான்களை விடுதாம். நீ அனுப்பின போட்டோவில பெல்ட்டே தெரியேல்ல, சும்மா சொன்னனான்.

2 தரம் போய் விறைக்க ஊசி போட்டு முரசுக்குக் கீழயும் கல்லுச் சுரண்டியாச்சு. இப்ப ரத்தம் வாறேல்ல. குளிசையை விடாத, 3 மாசத்தால எச்பிஏ1சி, அதுதான் கடைசி 2-3 மாசச் சராசரிச் சீனி, பாப்பம் எண்டு கிளினிக் டொக்டர் சொன்னவர், பாத்திட்டு எழுதுறன்.

நீ கடைசியா எப்ப பல்லுக் காட்டினனி? அங்க காசு கூட எண்டா நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க இங்க காட்டு, நான் கூட்டிக்கொண்டு போறன்.