மெதுவா போறது ஒரு குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மெதுவா போற போலீஸ் படங்களை இப்போ யாரும் பொறுமையா பாக்கறதில்லன்னு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த கட்டுரைல 'இலவீழாபூஞ்சிற' படத்தையும் சேர்த்து 'முதல் பாதி இழுவை'ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. 2022ல வந்த மலையாளப் படம் அது, கோட்டயம் மாவட்டத்துல ஒரு மரம்கூட இல்லாத மலை உச்சில இருக்கிற வயர்லெஸ் ஸ்டேஷன், காத்து, மழை, இடி விழுந்தா ரூமுக்குள்ள ஒடுங்கி உக்காந்திருக்கிற ரெண்டு போலீஸ்காரங்க, அவ்ளோதான். அதுல ஒரு போலீஸ்காரரா நடிச்ச சௌபின் ஷாஹிர் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியறதுக்கு அந்த முதல் ஒரு மணி நேரம் கண்டிப்பா வேணும். படத்தை எடுத்த டைரக்டர் ஷாஹி கபீரே போலீஸ்ல வேலை பார்த்தவர்தான், அந்த வேலைல முக்கால்வாசி காத்திருக்கிறதுன்னு அவருக்குத் தெரியும்.

எங்கப்பா ஏட்டா இருந்தவரு. நைட் டூட்டி முடிச்சு வந்தா பூட்ஸ்கூட கழட்டாம திண்ணைல அரை மணி நேரம் பேசாம உக்காந்திருப்பாரு, அம்மா வெச்ச டீ ஆறி ஆடை படிஞ்சிரும். அந்த அரை மணி நேரத்தை ஸ்க்ரீன்ல நான் முதல்முதலா பார்த்தது இந்தப் படத்துலதான். இந்த மாதிரி சின்ன படங்களுக்கு ரிலீஸ் அன்னிக்கே விமர்சனம் போடாம, ஒரு வாரம் கழிச்சு கொஞ்சம் பெருசா எழுத இடம் ஒதுக்குங்க சார்.

– ஒரு வாசகி, கம்பம்