பூட்டிய கேட்டைச் சுற்றிப் போகலாம் என்ற நண்பர்களுக்கு

வேட்டைக் கூட்டாளிகளுக்கு வணக்கம்.

வியாழக்கிழமை ராத்திரி குழுவில் நடந்த பேச்சுக்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் கோபத்தில் இருந்தீர்கள், நானும்தான், அதனால் வாயை மூடிக்கொண்டேன். டேக் (மான் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) வாங்கி, ஆபீசில் லீவு சொல்லி, ரேஞ்சுக்குப் போய் ரைஃபிளைச் சரிபார்த்து, வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதம் வாங்கிய பிறகு, சீசன் திறக்க எட்டே நாள் இருக்கும்போது தீயைக் காரணம் சொல்லிக் காட்டை மூடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் "கேட்டுக்கு வெளியே ட்ரக்கை விட்டுவிட்டு இருட்டோடு இருட்டாக நடந்து போய்விடலாம், யார் பார்க்கப்போகிறார்கள்" என்று ஒருவர் எழுதியதும் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கினீர்களே, அதற்காகத்தான் இந்த மடல். கலிஃபோர்னியாவில் மான் டேக் வாங்கும் மற்ற தமிழர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

இந்தக் கோபம் இன்று முளைத்ததில்லை, 2021இல் விழுந்த விதை. அந்த ஜூலை 13இல் பற்றிய டிக்ஸி தீ ஆகஸ்ட் 4 அன்று கிரீன்வில் என்ற ஊரையே தின்றுவிட்டு, அடங்கும்போது 9,63,000 ஏக்கரைத் தாண்டியிருந்தது. ஆகஸ்ட் 14 கால்டோர் தீ. ஆகஸ்ட் 30 அன்று சவுத் லேக் டாஹோவில் சுமார் 22,000 பேரை ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள்; சாலையில் வண்டிகள் நகராமல் நின்ற படங்களை நாம் எல்லோரும்தான் பார்த்தோம். மறுநாள் இரவு 11:59 மணியிலிருந்து மாநிலத்தின் தேசியக் காடுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் அமெரிக்க வனத்துறை மூடியது. சுமார் 2 கோடி ஏக்கர். செப்டம்பர் 17 வரை என்றார்கள், பிறகு பெரும்பாலானவற்றை இரண்டு நாள் முன்னதாகவே திறந்துவிட்டார்கள். தெற்கே நான்கு காடுகள் 22 வரை மூடியே இருந்தன.

நமக்கு அது என்ன செய்தது என்று நினைவிருக்கும். மான் வேட்டைக்காக மாநிலம் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளில் நம்முடையதான டி3-5 ஜோனில் வில் அம்பு சீசன் பாதியில் அறுந்தது. வனத்துறை நிலம் இல்லையென்றால் மரக் கம்பெனி நிலம் என்று ஓடினால் அங்கேயும் சங்கிலி. நம்மில் ஒருவர் குலுக்கலில் முன்னுரிமை தரும் பாயிண்டை வருடக்கணக்கில் சேர்த்து, அந்த ஜூனில்தான் எளிதில் கிடைக்காத எக்ஸ் ஜோன் டேக் விழுந்து, குழுவுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அவர் குறித்து வைத்திருந்த மலைச்சரிவு டிக்ஸியில் போய்விட்டது. பணம் திரும்பலாம், பாயிண்ட்கூடத் திரும்பலாம், ஆனால் அறுபது வயதுக்காரருக்கு அந்த முட்டிக்கால் திரும்பாது. இந்த வருத்தத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை.

ஆனால் அண்ணே, "நாம என்ன தீ வைக்கவா போறோம்" என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது. 2003 அக்டோபர் 25, சான் டியேகோவுக்குக் கிழக்கே கிளீவ்லாண்ட் தேசியக் காடு. மான் வேட்டைக்குப் போன ஒருவர் வழி தவறி, பொழுது சாயும் நேரத்தில், யாராவது பார்க்கட்டும் என்று ஒரு சின்ன நெருப்பை மூட்டினார். ஷெரிஃப் ஹெலிகாப்டர் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நெருப்பு அங்கேயே இருந்தது. சாண்டா ஆனா என்னும் வறண்ட பலத்த காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது: 2,73,000 ஏக்கர், 2,820 கட்டடங்கள், 15 உயிர்கள். சீடர் தீ என்று பெயர். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நம்மில் யாரும் அவராக இருக்கலாம், எனக்கு ஒருமுறை பனிமூட்டத்தில் வழி தவறியபோது முதலில் கை போனது லைட்டருக்குத்தான்.

அது பத்தாதென்று 2013இல் ரிம் தீ, ஸ்டானிஸ்லாஸ் காட்டிலும் யோசெமிட்டியிலும் சேர்த்து 2,57,000 ஏக்கர். வேட்டைக்காரர் ஒருவர் தடையை மீறி மூட்டிய நெருப்பு கைமீறியது என்று வனத்துறை சொன்னது. சாட்சிகள் இறந்துபோனதால் வழக்கு பிறகு கைவிடப்பட்டது. நெருப்பு மூட்டினால்தான் என்றும் இல்லை. 2018இல் கார் (Carr) என்று பெயர் வைத்த தீ ரெடிங் ஊருக்குள்ளேயே வந்தது ஒரு ட்ரெய்லரின் டயர் போய், வெறும் சக்கர விளிம்பு ரோட்டில் உரசிய பொறியில். அதே வருடம் மெண்டோசினோவில் ஒருவர் குளவிக்கூட்டை அடைக்க இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்தார், அந்தப் பொறியில் 4,10,000 ஏக்கர் போயிற்று. முழங்கால் உயரக் காய்ந்த புல்லில் சூடான ட்ரக்கை நிறுத்திவிட்டு "நாம என்ன" என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.

இன்னொன்று. காட்டை மூடுவது நம்மை நம்பாமல் என்று நினைக்கிறீர்கள். 2021 ஆணைக்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: புதுத் தீ கிளம்பினால் அணைக்க ஆள் இல்லை, உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொண்டால் காப்பாற்ற ஆள் இல்லை. நாடு முழுக்கத் தீயணைப்புக் குழுக்கள் ஏற்கெனவே வேலையில் இருந்த நேரம். அப்படிப்பட்ட நாளில் எட்டு மைல் உள்ளே கணுக்கால் பிசகி உட்கார்ந்திருக்கும் உங்களைத் தூக்க வரும் ஹெலிகாப்டர், எந்த ஊருக்குத் தண்ணீர் கொட்டுவதை விட்டுவிட்டு வரும்? தடையை மீறினால் அபராதம் 5,000 டாலர் வரை, ஆறு மாதச் சிறையும் போடலாம். விசாவில் இருக்கும் தம்பிமார் அதைத் தனியாக ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

எரிந்து முடிந்த இடம்தானே, அங்கே இனி எரிய என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். கால்டோர் பகுதியில் ஒரு துண்டு திறந்த பிறகு, அடுத்த வசந்தத்தில் நடந்து போனேன். காற்றே இல்லாத காலை. கறுத்து நின்ற ஒரு பைன், நூறடி இருக்கும், முறிகிற சத்தம்கூட இல்லாமல் அப்படியே சாய்ந்தது, விழுந்த பிறகுதான் சத்தம் வந்தது. அங்கிருந்து இருபது தப்படியில் என் கைத்தடி தரையில் முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. மேலே மெல்லிய சாம்பல் ஓடு, கீழே வேர் எரிந்துபோன குழி. அதுவே முந்தைய செப்டம்பராக இருந்திருந்தால் அந்தக் குழிக்குள் கங்கு இருந்திருக்கும், தடிக்குப் பதிலாக என் கால் இறங்கியிருக்கும். பூட்ஸ் என்ன செய்யும்?

அதே நடையில் இன்னொன்றும் பார்த்தேன். கருகிய கறுப்பு ஓக் மரங்களின் அடியில், வேரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர். டீர் பிரஷ் செடி தரையோடு முளைத்திருந்தது. பெயரே சொல்கிறதே, மானுக்கு அதுதான் கீரை. பல துளிர்களின் நுனி கடிபட்டிருந்தது. எரிந்த நிலத்தில் வெயில் விழுந்து புதர் கிளம்பும் வருடங்கள்தான் மானுக்கு நல்ல வருடங்கள் என்று இங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. ஆனால் அதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும். மெண்டோசினோ தீயின்போது ஆராய்ச்சிக்காக ஜிபிஎஸ் பட்டை கட்டியிருந்த மான்கள், தீ கடந்த சில மணி நேரத்திலேயே தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றன. அங்கே தின்ன ஒன்றும் இல்லை, ஒளிய ஒரு புதர் இல்லை, உடம்பு இளைத்துவிட்டது. இருந்தும் வீடு என்று வந்து நின்றன. அந்தக் கறுப்புத் தரையில் எலும்பு தெரிய நிற்கும் மானை முந்நூறு கஜத்திலிருந்து சுட்டுவிட்டு வந்து எனக்குப் படம் அனுப்பாதீர்கள். அதை நான் வேட்டையில் சேர்ப்பதில்லை.

சரி, அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. மாநிலத்தின் மீன், வேட்டை ஆணையம் கூட்டம் போடும்போது பொதுமக்கள் பேச நேரம் தருகிறார்கள், எழுத்திலும் அனுப்பலாம். இத்தனை வருடமாக நாம் ஒருமுறைகூடப் போனதில்லை, குழுவில் மட்டும் புலி. கேட்க வேண்டியது தடையே கூடாது என்பதல்ல. முழுக் காட்டையும் ஒரே கோட்டில் மூடாமல் மலைமுகட்டையும் ரோட்டையும் பார்த்து மூடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை வரைபடத்தைத் திரும்பப் பாருங்கள் என்று வனத்துறையிடம் கேட்கலாம். ஆணையத்திடம், ஜோனில் பெரும்பகுதி மூடினால் டேக் பணமும் பாயிண்டும் நாம் கேட்காமலே திரும்ப வேண்டும், மூடிய நாட்களுக்கு ஈடாகப் பின்னால் சில நாள் தர முடியுமா என்று பாருங்கள் என்று கேட்கலாம். இந்தக் கடைசியில் எனக்கே அரைமனதுதான், அக்டோபர் கடைசியில் பனி விழுந்து மான் இறங்கும் நேரத்தில் நாள் நீட்டினால் அடி மானுக்கு. அதையும் சேர்த்தே பேசலாம். ஆங்கிலத்தில் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன், திருத்த ஆள் வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை நான் ஜோனின் திறந்திருக்கும் வடக்குப் பக்கம் போகிறேன். மான் குறைவு, கூட்டம் அதிகம், தெரியும். காலை மூன்றரைக்குக் கிளம்புகிறேன், ட்ரக்கில் இரண்டு இடம் காலி. மண்வெட்டியும் ஐந்து கேலன் தண்ணீர்க் கேனும் என்னிடம் இருக்கின்றன. அடுப்பு யாரும் கொண்டுவர வேண்டாம், புளிசாதம் கட்டிக்கொள்கிறேன்.