மாப்ளைக்கு, ஒரு வாரம் லஸ்கராக (வாய்க்கால் மதகைத் திறந்து மூடுபவனாக) இருந்தவன் எழுதுவது

பர்மிங்காம்
செப்டம்பர் 14

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. நான் ஊரில் இல்லை, சொல்லப்போனால் தரையிலேயே இல்லை. நானும் உன் தங்கச்சியும் ஒரு வாரம் வாய்க்காலில் குடித்தனம் நடத்திவிட்டு வந்தோம். ரிட்டையர் ஆனால் எங்காவது கூட்டிப்போகிறேன் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அது இப்போதுதான் கைகூடியது. அவள் கேட்டது சுவிட்சர்லாந்து. நான் கூட்டிப்போனது ரென்பரி, இங்கே செஷையரில் லாங்கோலன் கால்வாய்க் கரையில் ஒரு கிராமம். அங்கேதான் வாடகைப் படகு எடுத்தோம்.

போன மாசம் போனில் இதைச் சொன்னபோது, "மணிக்கு நாலு மைல் போறதுக்கு எவன்டா காசு குடுப்பான், எங்கூட நடந்தே வாயேன்" என்று சிரித்தாய். நாலு மைல் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சவேகம். நாங்கள் அதைத் தொடவே இல்லை. எதிர் ஓட்டமும் அடியில் சேறுமாக, இரண்டு மைல், மிஞ்சிப்போனால் இரண்டரை. நாயோடு கரையில் நடந்துவந்த ஒரு பாட்டி எங்களைத் தாண்டிப் போனார். தாண்டும்போது குட்மார்னிங் சொன்னார். அடுத்த பாலத்தடியில் நாய் எதையோ மோந்துகொண்டு நின்றுவிட, எங்களைப் பார்த்து மறுபடியும் ஒரு குட்மார்னிங்.

படகின் நீளம் 47 அடி. அகலம் 7 அடிகூட இல்லை, 6 அடி 10 அங்குலம். உங்கள் பழைய வீட்டு ரேழியைப் பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் விட்டதாக நினைத்துக்கொள். அதற்குள் படுக்கை, குளிக்கும் இடம், கேஸ் அடுப்பு, பின்பக்கம் டீசல் இன்ஜின். ஒருவர் சமைத்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் ஒருக்களித்துத்தான் போகமுடியும். இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் பல இப்படித்தான், லாக்கின் (படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கதவு வைத்த தொட்டி) அகலமே 7 அடி. நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் ஏற்றிய படகைக் கரையில் நடந்தபடி குதிரை இழுத்துப் போவதற்காக வெட்டினார்கள். குதிரை நடந்த பாதையில் இப்போது சைக்கிளும் பாட்டியும் போகிறார்கள்.

இதை ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், தெரியுமோ? காரோட்ட இந்த ஊரில் என்னை மூன்று தடவை ஃபெயிலாக்கினார்கள். பத்து டன்னுக்குக் குறையாத இரும்பைக் கையில் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தது போதுமாம். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். அதுவும் உடனே போகாது, சொல்லி மூன்று மூச்சு விட்டபிறகு போகும். நான் போகவில்லையே என்று இன்னும் தள்ளினேன். போனது. எதிர்க்கரை வில்லோ மரத்துக்குள் பாதிப் படகு நுழைந்து, தட்டில் வைத்திருந்த முறுக்கெல்லாம் இலை. உன் தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து சுக்கானை வாங்கிக்கொண்டாள். அதோடு சரி, மீதி நாளெல்லாம் அவள்தான் மாலுமி.

அப்படியானால் எனக்கு என்ன வேலை? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

கிளம்பும்போது படகுக்காரர் என் கையில் ஓர் இரும்புச் சாமானைக் கொடுத்தார். ட எழுத்துப்போல வளைந்தது, ஒரு முனையில் சதுர ஓட்டை, மறுமுனை கைப்பிடி. விண்ட்லஸ் என்றார். எனக்கு அது உங்கள் அப்பாவின் சாவி. ஷட்டர் திருகும் அந்தச் சாவியை ராத்திரியில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாரே, மேலமடைக்காரர்கள் வந்து திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவார்கள் என்று. ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் பெரிய அதிகாரிகள் நின்று தண்ணீர் பிரிப்பார்கள். நம் வாய்க்காலுக்கு லஸ்கரான உங்கள் அப்பாதான் அதிகாரி. நாம் இரண்டு பேரும் ஷட்டர் கட்டையில் உட்கார்ந்து காலாட்டுவோம். சாவியைத் தொட மட்டும் விடமாட்டார். அறுபத்தாறு வயதில், எங்கேயோ செஷையரில், யாரோ ஒரு வெள்ளைக்காரர் சர்வசாதாரணமாக அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

நீ பொதுப்பணித்துறையில் கழித்தவன், லாக் எப்படி வேலை செய்யும் என்று உனக்கு நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஆனாலும் கையால் செய்தவன் என்ற திமிரில் சொல்கிறேன், கேள். மேலே ஏறுவதென்றால், தண்ணீர் தாழ்ந்திருக்கும் தொட்டியில் படகு நுழைந்ததும் பின்கதவைச் சாத்தவேண்டும். கதவைத் தள்ள ஒரு பெரிய தூலம் இருக்கிறது. முதுகைக் கொடுத்துத் தள்ளவேண்டும், கால் வழுக்காமலிருக்கத் தரையில் செங்கல்லை வரிவரியாகத் தூக்கிப் பதித்திருக்கிறார்கள். அப்புறம் மேல்கதவுப் பக்கம் போய், சாவியை மாட்டி, மதகுப் பலகையைத் திருகித் தூக்கவேண்டும். பல்சக்கரத்தில் கொக்கி 'டக், டக்' என்று விழும். கீழே எங்கேயோ தண்ணீர் உறுமும். படகு ஆடும். அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் படகு முன்னும் பின்னும் மோதும், உள்ளேயிருந்து பாத்திரச் சத்தமும் அதைத் தொடர்ந்து உன் தங்கச்சியின் சத்தமும் வரும். பாதி திறந்து, பொறுத்து, மீதி.

கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதுதான் விசேஷம். தண்ணீர் கிட்டத்தட்ட சமமாகிவிட்டதுபோல இருக்கும். தூலத்தில் முதுகை வைத்து அழுத்துவேன். அசையாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தால்கூட அசையாது, நானும் நீயும் நம் செட்டு மொத்தமும் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. சரியென்று அழுத்துவதை விட்டுவிட்டு, சும்மா சாய்ந்து நிற்பேன். திடீரென்று முதுகுக்குப் பின்னால் கதவு தானாக நகரும், யாரோ அந்தப் பக்கமிருந்து இழுப்பதுபோல. முதல் தடவை விழப்பார்த்தேன். போக 12 லாக், வர 12. இருபத்துநாலு தடவையும் அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்தேன்.

இறங்கும்போது ஆபத்து வேறு மாதிரி. மேல்கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். படகின் வால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தால், தண்ணீர் வடிய வடிய வால் திட்டில் மாட்டி, மூக்கு கீழே போய்விடும். அப்படி முழுகிய படகுகள் உண்டு. நான் மேலே நின்று கோட்டையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அவள், "எனக்குக் கண்ணு தெரியுது, நீங்க மதகைப் பாருங்க" என்றாள்.

கிரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் ஆறு லாக். அதில் மூன்று ஒன்றோடொன்று ஒட்டி மாடிப்படியாக இருக்கும். ஒரு தொட்டியின் மேல்கதவே அடுத்ததன் கீழ்கதவு. எதை முதலில் திறப்பது என்பதில் பிசகினால் கரை வழிந்து ஊர் நனையும். அதனால் அங்கே மட்டும் ஆள் நிற்கிறார். வயதானவர், வெயிலில் வெந்த முகம். கையில் தாளோ பேனாவோ இல்லை, ஏழெட்டுப் படகு காத்திருக்கிறது, எல்லாம் மனக்கணக்கு. ஒரு பலகையை நான் முந்திக்கொண்டு திறக்கப்போனேன். வாயைத் திறக்கவில்லை, விரலை மட்டும் ஆட்டினார். மாப்ள, சத்தியமாக உங்கள் அப்பாவின் விரல்.

அன்று ராத்திரி ஊர்நினைப்பில் தூக்கம் வரவில்லை. மறுநாள் முழுக்க விக்ஸால் சதுப்பில் மழை. சொல்ல ஒன்றுமில்லை, குடைபிடித்துக்கொண்டு சுக்கான் பிடித்த உன் தங்கச்சியின் படம் அனுப்பியிருக்கிறேன், அவளிடம் சொல்லாதே.

இந்த லாங்கோலன் கால்வாய் எப்படி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன், அது உனக்குப் பிடிக்கும். ரயில் வந்ததும் படகு வியாபாரம் படுத்துவிட்டது. கால்வாயே ரயில்வே கம்பெனி கைக்குப் போய், 1944-ல் சட்டம் போட்டு இதில் படகு விடுவதைக் கைவிட்டார்கள். தூர்த்திருக்க வேண்டியது. ஆனால் வேல்ஸ் மலையிலிருந்து டீ (Dee) ஆற்றுத் தண்ணீர் இதன் வழியாக இறங்கி ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, குடிதண்ணீருக்கு. இன்றைக்கும் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி லிட்டர். அதனால்தான் எங்களுக்கு எதிர் ஓட்டம். மற்ற கால்வாயெல்லாம் குட்டைபோலக் கிடக்க, இது மட்டும் நம் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. படகுக்காக வெட்டியது தண்ணீர்க் குழாயாகப் பிழைத்து, இப்போது என் போன்றவர்கள் வந்து மரத்தில் முட்டுகிறார்கள். பக்கிங்காம் கால்வாயிலும் ஒருகாலத்தில் லாக்கெல்லாம் வைத்துப் படகு விட்டவர்கள்தானே நாம்! அதைப் பேச ஆரம்பித்தால் இருவருக்கும் பிரஷர் ஏறும், விடு.

நியூ மார்ட்டன் லாக்கில் சாவியைத் தொலைத்தேன். தூலத்தின்மேல் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன், 'ளொபக்' என்று ஒரு சத்தம். இந்தப் புத்திசாலித்தனத்தை முதலில் செய்தவன் நானில்லை, அந்தத் தொட்டிகளின் அடியில் இருநூறு வருஷத்துச் சாவி கிடக்கும். நல்லவேளை, படகில் இன்னொன்று இருந்தது. உங்கள் அப்பா சாவியைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்வாரே, அப்போது சிரித்தோமே. நானும் அன்றிலிருந்து துண்டில் முடிந்துகொண்டேன். ஜீன்ஸ்மேல் துண்டு. சிரிக்காதே.

ஐந்தாம் நாள் பான்ட்கசுல்தே. இது நாக்கில் வருவதற்கே எனக்கு இரண்டு நாளாயிற்று. டீ ஆற்றின் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே வாய்க்காலையே தூக்கிப் பாலத்தின்மேல் விட்டிருக்கிறார்கள். டெல்ஃபோர்ட், ஜெசப் என்ற இரண்டு பொறியாளர்கள் கட்டியது, 1795-ல் தொடங்கி 1805-ல் திறந்தார்கள். 18 கல்தூண், அதன்மேல் வார்ப்பிரும்புத் தொட்டி, நீளம் 307 மீட்டர், உயரம் 38 மீட்டர். தூணுக்கான சுண்ணாம்புக் கலவையில் மாட்டு ரத்தம் சேர்த்தார்களாம். நாம் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தோம், அவரவர் கைவசம் இருந்தது அவரவருக்கு. நடைபாதைப் பக்கம் கம்பிக் கிராதி இருக்கிறது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் இருந்தால் அதிகம். படகின் அந்தப் பக்கம் நின்று பார்த்தால் தொட்டி கண்ணில் படாது, நேரே காற்று, கீழே மரங்களின் உச்சி, பந்து விளையாடும் பையன்கள் எறும்பாக. நான் நடைபாதையில் இறங்கிக் கிராதியைப் பிடித்தபடி நடந்தேன், புகைப்படம் எடுக்கவேண்டும் என்று காரணம் சொல்லி. மாலுமி அவள்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நடுவில் கொஞ்சநேரம் வேறு நிறுத்தினாள், பார்க்கணுமாம்.

அதற்கப்புறம் லாங்கோலன் வரை மலைச்சரிவில் செதுக்கிய வாய்க்கால். சில இடத்தில் ஒரு படகுதான் போகும், ஒருவர் முன்னால் நடந்துபோய் எதிரே வருகிறதா என்று பார்க்கவேண்டும். லஸ்கர் வேலைதான். 1945 செப்டம்பரில் ஒரு விடியற்காலை இங்கே சன் பாங்க் அருகே கரை உடைந்திருக்கிறது. தண்ணீர் கீழேயிருந்த ரயில்பாதையை அரித்துக்கொண்டு போக, தபால் வண்டி வந்து பள்ளத்தில் விழுந்து டிரைவர் இறந்துபோனார். ஐப்பசியில் ராத்திரி இரண்டு மணிக்குச் சாக்கும் அரிக்கேனும் தூக்கிக்கொண்டு உடைப்படைக்க ஓடிய கூட்டத்தில் நாமும் இருந்தோமே, அதை அவளுக்குச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவளுக்குச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

லாங்கோலனுக்கு மேலே இன்ஜின் படகு போகக்கூடாது, குதிரை இழுக்கும் சுற்றுலாப் படகு மட்டும்தான். நாங்கள் நடந்து போனோம். இரண்டு மைலில் வாய்க்காலின் தலைப்பு, ஆற்றிலிருந்து தண்ணீர் பிரியும் இடம். டெல்ஃபோர்ட் 1808-ல் கட்டிய கலிங்கு, ஆற்றின் குறுக்கே லாடம்போல வளைந்து கிடக்கிறது. அவ்வளவு பெரிய வேலைக்கெல்லாம் தண்ணீர் தருவது இது. நிமிர்ந்து நிற்கவே நிற்காது, ஆள் உயரம்கூட வராது. ஆறு மேலே வழிந்து போக, ஓரத்தில் ஒரு சின்ன மதகு வழியாக வாய்க்காலுக்கு மட்டும் சத்தமில்லாமல் தண்ணீர் நுழைகிறது. பக்கத்தில் அளவு பார்க்க ஒரு சிறு கட்டடம். நீ இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து கனஅடிக் கணக்குப் போட்டிருப்பாய், உன்னைக் கிளப்பவே சாயங்காலம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தது ஓட்டத்தோடு, சீக்கிரம். கடைசி இரண்டு நாள் வெந்நீர் வரவில்லை, அதைப் பற்றி உன் தங்கச்சி தனியாக எழுதுவாள்.

சரி, உன் விஷயத்துக்கு வா. முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாமென்று நீயே முடிவு செய்தால் எப்படி? என் தங்கச்சி போனில் அழுதாள். இன்னொரு டாக்டரையாவது பார். குறுவை அறுப்பு முடிந்ததா? மழைக்கு முன்னால் நெல் வீடு சேர்ந்துவிட்டால் நிம்மதி. பேத்தி இப்போது எந்த வகுப்பு?

பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் எனக்கு ஒரு வேலை செய். உங்கள் அப்பா ரிட்டையராகும்போது அந்தச் சாவியை ஒப்படைத்தாரா, இல்லை மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் இன்னும் செருகித்தான் இருக்கிறதா? இருந்தால் அதன் சதுர வாயை ஸ்கேல் வைத்து அளந்து எழுது. இங்கே கொடுத்ததில் ஒரே சாவியில் இரண்டு வாய் இருந்தது, ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. ஏதாவது ஒன்று பொருந்துமா என்று பார்க்கவேண்டும்.

உன்
மாப்ள