பிரிக்கச் சொன்ன பின்னல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் சுகம். நான் மறுபடியும் குரோஷா ஊசியைக் கையில் எடுத்திருக்கிறேன்.

ஏட்டி, நம் தையல் டீச்சரை ஞாபகம் இருக்கிறதா? டீப்பாய் விரிப்பில் கண்ணி கூடிப்போய் ஓரம் சுருண்டு எழும்பினால் முழுசையும் பிரிக்கச் சொல்வார். நீ அழுதுகொண்டே பிரிப்பாய். அந்தச் சுருக்கத்தைத்தான் 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அறிஞர் வேண்டுமென்றே பின்னியிருக்கிறார். ஹைபர்பாலிக் தளம் என்று கணக்கில் ஒன்று, ஓரத்துக்குப் போகப் போகப் பரப்பு கூடிக்கொண்டே போய் அலையலையாக மடியும். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் பிய்ந்துபோகுமாம். நூல் தாங்கியது. ஐந்து கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு, வரிசைக்கு வரிசை அதையே செய், அவ்வளவுதான். நானும் போட்டுப் பார்த்தேன். ஏழாவது வரிசை வரை ஒன்றும் தெரியவில்லை. பத்தாவதில் ஓரம் அலையடித்தது. பதினைந்தில் கையில் ஒரு கோழிக்கொண்டைப் பூ!

பவளத்தில் சில வகையும் இப்படித்தான் மடிந்து மடிந்து வளர்கிறது. தண்ணீரில் வரும் இரையைப் பிடிக்க அதற்கு அவ்வளவு பரப்பு வேண்டும். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற ஆஸ்திரேலிய இரட்டைச் சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சலிஸில் இந்தப் பின்னலாலேயே பவளப்பாறை செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். 2019இல் வெனிஸ் கண்காட்சி வரை போயிருக்கிறது. எல்லாம் கைப்பின்னல்தான். பிளாஸ்டிக் குப்பையில் ஒரு பாறை, வெளுத்த நூலில் ஒரு பாறை. கடல் சூடானால் பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறி அது வெளுத்துவிடும் இல்லையா, அந்த வெளுப்பு. அதன் படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தாத்தா வீட்டு முருகைக்கல் சுவர் ஞாபகம் வந்தது. அதுவும் கடலில் வெட்டிய பவளக்கல்தானே. விரலை வைத்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தட்டுப்படுமே. சுண்ணாம்புக்கென்று நம் கடலில் எவ்வளவு வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே போயின. அதை யார் பின்னுவது? நாம்தான் பின்ன வேண்டும் என்று தோன்றுகிறது.

பால் கவர்களைக் கழுவி, விரல் அகல நாடாவாக வெட்டி வைத்திருக்கிறேன். என் ஊசி மெல்லிசு, அதில் சிக்கமாட்டேன் என்கிறது. பொங்கலுக்கு வரும்போது உன் அம்மாவின் தடித்த ஊசியைக் கொண்டு வா. மிச்ச உல்லன் நூல் இருந்தால் அதுவும், வெள்ளையாக இருந்தாலும் சரி.

உன்,
பக்கத்துப் பெஞ்சுக்காரி