தொலைக்காட்சிப் பாட நாள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை நம் மாலைத் தமிழ்ப் பள்ளியில் வகுப்பு நடக்காது. பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கல்வித் தொலைக்காட்சியின் ஒரு நாள் ஒளிபரப்பைப் பார்த்துப் படிப்பார்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலை இத்துடன் இணைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் அந்தப் பிள்ளை பார்க்க வேண்டிய பாடங்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். கிரேட் 1 முதல் 3 வரை ஒரே ஒரு வட்டம், கிரேட் 4 முதல் 6 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று.

வட்டமிடாத பாடங்களைப் பார்க்க வேண்டாம் என்று உறுதியாகவே கேட்டுக்கொள்கிறேன். பாடம்தானே, எவ்வளவு பார்த்தால் என்ன என்று தோன்றலாம். வகுப்பில் ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று கண்டுகொள்வார். நிறுத்துவார், வேறு விதமாகத் திரும்பச் சொல்வார். திரையில் இருப்பவருக்கு அந்த முகம் தெரியாது. புரியாத இடத்தைத் தாண்டிப் பாடம் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த பாடமும் உடனே தொடங்கிவிட்டால், புரியாததைத் திரும்பி எடுக்க நேரமே இருக்காது. காலை முதல் மாலை வரை பார்த்த பிள்ளையிடம் ராத்திரி கேட்டால் கடைசிப் பாடத்தின் பாட்டு மட்டும்தான் நினைவிருக்கும். பாடம் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் உண்மையில் படிக்கும் நேரம். அந்த அரை மணி நேரத்தில் திரை அணைந்திருக்க வேண்டும்.

இதை இப்போதே நடத்துவதற்குக் காரணம் உண்டு. நவம்பரிலிருந்து மே வரை மொரீஷியஸில் நமக்குச் சூறாவளிக் காலம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன் 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய பொதுமுடக்கத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, நாட்டின் ஒளிபரப்பு நிறுவனமான எம்.பி.சி. வழியாக வந்த பாடங்கள்தான் கணினியும் இணையமும் இல்லாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. இந்தத் தீவுக்கு ஒளிபரப்பு வழிக் கல்வி புதிதல்ல. அதற்கென்றே மொரீஷியஸ் வான்வழிக் கல்லூரி 1971-லேயே நிறுவப்பட்டது. பாடங்கள் அன்றும் வந்தன, இனியும் வரும். வீட்டில் அதைப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை அமைதியான ஒரு நாளில் ஏற்படுத்திக்கொள்வதுதான் நல்லது. உண்மையான புயல் வந்து, அது நெருங்கிவிட்டது என்று சொல்லும் கிளாஸ் 3 எச்சரிக்கை அறிவிக்கப்பட்டுவிட்டால் பாடத்தை மறந்துவிடுங்கள். அப்போது தொலைக்காட்சி வானிலை அறிவிப்புக்கு மட்டுமே.

வெள்ளிக்கிழமை மாலையே பெட்டியைச் சரிபார்த்துவிடுங்கள். சனிக்கிழமை காலை முதல் பாடம் தொடங்கும்போது ரிமோட்டுக்கு பேட்டரி தேடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அலைவரிசை பட்டியலில் இல்லையென்றால் மெனுவில் தானியங்கித் தேடலை ஒரு முறை ஓட்டுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரை கறுப்பாக இருந்து 'சமிக்ஞை இல்லை' என்று வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஆன்டெனாவை அல்ல, எந்த இணைப்பைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்பதை. டிகோடர் (தொலைக்காட்சியோடு இணைக்கும் செட்-டாப் பெட்டி) இரண்டாவது எச்.டி.எம்.ஐ. துளையில் இருக்கும், தொலைக்காட்சி முதல் துளையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

படம் கட்டம் கட்டமாக உடைந்து பேச்சு பாதி வார்த்தையில் அறுந்தால் அது சமிக்ஞைக் குறைபாடு. பழைய அனலாக் காலத்தில் சமிக்ஞை குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும், ஆனாலும் குரல் கேட்கும். டிஜிட்டலில் ஓர் அளவு வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே போனதும் மொத்தமாக நின்றுவிடும். டிகோடர் மெனுவில் இரண்டு கோடுகள் காட்டும்: ஒன்று பலம், மற்றது தரம். தரக்கோட்டையே நம்புங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஆன்டெனாக் கம்பியின் முனையைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் நடுவிலுள்ள செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். பெட்டியை அணைத்துவிட்டு, கத்தி முனையால் அதை மெல்லச் சுரண்டித் துடைத்து இறுக்கமாகத் திரும்பச் செருகினாலே பல வீடுகளில் படம் வந்துவிடும். மழை நாளில் கூரை ஆன்டெனா, தட்டு ஆன்டெனா இரண்டும் இருந்தால் கூரை ஆன்டெனாவைப் பயன்படுத்துங்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைப் பலத்த மழை உறிஞ்சிவிடும்; தரைவழி அலையை அவ்வளவாகப் பாதிக்காது. எதுவானாலும் காற்று வீசும்போது யாரும் கூரை மேல் ஏற வேண்டாம், பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம். இடி வரும்போல் இருந்தால் முன்கூட்டியே மின்செருகியையும் ஆன்டெனாக் கம்பியையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்; இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொட வேண்டாம்.

டிகோடரில் பதிவு வசதி இருந்தால் கட்டாயம் பதியுங்கள். 16 ஜிபி பென்டிரைவ் போதும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி 1 முதல் 2 ஜிபி வரை பிடிக்கும். முதல் முறை செருகும்போது சில டிகோடர்கள் பென்டிரைவை அழித்துத் தன் முறைக்கு மாற்றிக்கொள்ளும். ஆகையால் கல்யாணப் படங்கள் இருக்கும் பென்டிரைவைக் கொடுத்துவிடாதீர்கள். மொத்த நாளையும் ஒரே பதிவாகப் போடாமல் ஒவ்வொரு பாடத்தையும் தனியாகப் பதியுங்கள். பழைய முறையில் அமைந்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பதிவு அங்கேயே நின்றுவிடலாம். ஒளிபரப்பு முன்பின் நகரும் என்பதால் 5 நிமிடம் முன்பாகத் தொடங்கி 5 நிமிடம் கழித்து முடியும்படி நேரம் குறியுங்கள். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பதிவு நடக்காது. பல டிகோடர்களில் பதிந்தது அதே டிகோடரில்தான் ஓடும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து உதவலாம் என்று எண்ண வேண்டாம்.

உட்காரும் இடமும் முக்கியம். 32 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் தூரம் சரி. அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் புள்ளி வைத்த எழுத்தும் வைக்காத எழுத்தும் சிறு பிள்ளைக்கு ஒன்றாகத் தெரியும். தமிழில் அந்தப் புள்ளி போனால் சொல்லே போய்விடும். சன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி சன்னல் சீலையை இழுத்து மூடுங்கள். படுக்கையில் சாய்ந்து பார்க்க வேண்டாம். மேசை, பென்சில், நோட்டு வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்தால் பேச்சு கேட்காது. அப்போது ஒலியைக் கூட்டுவதைவிட, ஒலி அமைப்பை 'சினிமா'விலிருந்து 'செய்தி' அல்லது 'பேச்சு' என்பதற்கு மாற்றுவது அதிகம் உதவும். வீட்டில் பாட்டி தாத்தா வழக்கமாகத் தொடர் பார்க்கும் நேரத்தில் பாடம் வந்தால் அவர்களிடம் முன்கூட்டியே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். முடிந்தால் அவர்களையும் கூட உட்காரச் சொல்லுங்கள். பல வீடுகளில் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பாடம் ஓடும்போது பெரியவர்கள் பேச வேண்டாம். இதுதான் பெற்றோருக்கு மிகக் கடினம் என்று அறிவேன். நல்ல மனத்தோடு நீங்கள் நம் வீட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் விளக்கம் சொல்லும் அந்த நேரத்தில் திரையில் அடுத்த இரண்டு வாக்கியங்கள் போய்விடும், பிள்ளைக்கு இரண்டுமே கிடைக்காது. பலகையில் எழுதுவதையெல்லாம் பார்த்தெழுதவும் சொல்லாதீர்கள். எழுதும் கை காதை மூடிவிடும். புரிந்த இடத்தில் சரிக்குறி, புரியாத இடத்தில் கேள்விக்குறி, பக்கத்தில் ஒரு சொல். அவ்வளவே போதும்.

இனி ஒவ்வொரு பாடத்துக்கும் பின்வரும் அரை மணி நேரத்துக்கு வருகிறேன்.

தமிழ்ப் பாடத்தில் இந்த முறை எங்கள் அக்கறை உச்சரிப்பின் மேல். வீட்டில் நாள் முழுதும் கிரியோல் பேசும் பிள்ளைக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே 'ல' ஆகிவிடும். மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒலிபெருக்கி பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்து இருப்பதால் இந்த நுண்ணிய வேறுபாடு இன்னும் மங்கிவிடும். காதுக்கருவி இருந்தால் இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது மாட்டிவிடுங்கள். பாடம் முடிந்ததும் பிள்ளையின் கையில் ஒரு சிறிய கண்ணாடியைக் கொடுங்கள். 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்பக்கத்தைத் தொடும். கண்ணாடியில் அது தெரியும். 'ள'வுக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். நாக்கின் அடிப்பக்கம் தெரியும். 'ழ'வுக்கு நாக்கு அதேபோல் வளையும், ஆனால் அண்ணத்தைத் தொடாது. மூச்சு தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். தொட்டுவிட்டால் அது 'ள' ஆகிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது அங்கேதான். 'ழ்' என்று 3 விநாடி இழுத்துச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை என்பதைப் பிள்ளையே உணரும். பிறகு வலி, வளி, வழி என்று மாற்றி மாற்றிச் சொல்ல, நீங்கள் கேட்ட எழுத்தை விரலால் காட்டுங்கள். உங்களுக்கே தமிழ் சரளமாக வராவிட்டாலும் இதைச் செய்யலாம். ஒரு தடவைக்கு 5 நிமிடம், அன்று மூன்று தடவை. அதற்கு மேல் போனால் நாக்கு களைத்துத் தப்பான பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

கிரேட் 1 முதல் 3 வரையுள்ள பிள்ளைகளுக்கு எழுத்துப் பாடம். திரையில் எழுத்து உருவாகும் திசையைப் பிள்ளை பார்க்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். முடிந்த உருவத்தை மட்டும் பார்த்தால் கீழிருந்து மேலே எழுதப் பழகிவிடும். பின்னால் வேகம் வராது. ஒரு தட்டில் அரிசி பரப்பி, பார்த்த எழுத்தை விரலால் ஐந்து முறை எழுதவிட்டு, அதன் பிறகே பென்சிலைக் கொடுங்கள்.

கிரேட் 4 முதல் 6 வரைக்கான இரண்டாவது வட்டம் நீரின் சுழற்சி பற்றிய அறிவியல் பாடம். தமிழ்ப் பள்ளி ஏன் அறிவியலைப் பார்க்கச் சொல்கிறது என்று கேட்பீர்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே தமிழைப் பயன்படுத்தாத பிள்ளைக்கு, ஆண்டு முடிவில் தொடக்கப் பள்ளிக்கான பி.எஸ்.ஏ.சி. தேர்வில் நான்கு வரி சொந்தமாக எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. பார்த்ததைத் தமிழில் சொல்ல ஐந்து சொற்கள் போதும்: ஆவி, மேகம், குளிர்தல், துளி, மழை. பாடம் முடிந்ததும் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரும் ஐஸ் கட்டிகளும் போட்டு, இரண்டு துளி சிவப்பு நிறச்சாயம் கலந்து மேசையில் வையுங்கள். நம் கோடைக்காலத்து ஈரக்காற்றில் சில நிமிடங்களில் குவளையின் வெளிப்பக்கம் வியர்க்கும். குவளை ஒழுகுகிறது என்றுதான் பல பிள்ளைகள் சொல்வார்கள். வெள்ளைத் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நீர் சிவப்பு, துணியில் ஒட்டிய நீருக்கு நிறமே இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை யோசித்து, தமிழில் நான்கு வரி எழுதட்டும். எழுத்துப் பிழையை வீட்டில் திருத்த வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கிரேட் 7-க்கு மேல் உள்ளவர்களுக்குக் கணக்குப் பாடமும் உண்டு. நேரலையை நிறுத்தி வைக்க முடியாது. எனவே ஆசிரியர் கணக்கைப் பலகையில் எழுதியதும் அதைக் குறித்துக்கொண்டு, ஒலியை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்காமல் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். விடை தவறினால் எந்தப் படியில் தவறியது என்பதைப் பதிவில் தேடலாம். பார்த்துக்கொண்டே தலையாட்டினால் எல்லாக் கணக்கும் எளிதாகத்தான் தெரியும்.

தொலைக்காட்சி பழுதான வீடுகளும், ஒரே பெட்டியில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் வரும் வீடுகளும் வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளிக் கூடத்தில் பெரிய திரை வைக்கிறோம், ஓர் ஆசிரியர் நாள் முழுதும் இருப்பார். சனிக்கிழமை மின்சாரம் போனால் கவலைப்படாமல் தமிழ்ப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள்; யாருக்கும் மதிப்பெண் குறையாது. அடுத்த வாரம் வரும்போது நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். நாங்கள் முதலில் தேடப்போவது கேள்விக்குறிகளைத்தான். ஒரு கேள்விக்குறிகூட இல்லாத நோட்டு வந்தால் அந்தப் பிள்ளையோடு கூடுதல் நேரம் உட்காருவோம். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் வீட்டாருக்கு இந்தக் கடிதத்தின் கிரியோல் பிரதி பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது; பிள்ளையிடம் கேட்டனுப்பினால் தருவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்