சந்திரலேகா வாழ்ந்த ஊரில் ஒரே ஒரு மாலைப்பொழுது கேட்கிறோம்

சென்னை சபாக்களின் மதிப்பிற்குரிய காரியதரிசிகளுக்கு,

வணக்கம். மார்கழி இசை, நடன சீசன் நெருங்கும்போது உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் எங்கள் குழுவின் விண்ணப்பம் ஒரு சபாவிலிருந்து திரும்பி வந்தது. அதில் பரதநாட்டியம், குச்சிப்புடி, கதக், மோகினியாட்டம் என்று கட்டங்கள் இருந்தன. எதுவும் எங்களுக்குப் பொருந்தாததால் ஓரத்தில் 'தற்கால நடனம்' என்று பேனாவால் எழுதியிருந்தோம். அந்த வார்த்தையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். போன் செய்தேன். "ஜதி கிடையாது, பதம் கிடையாதுன்னா அதை எப்படிம்மா டான்ஸ்னு போடறது?" என்றார்கள். தாளச் சொற்கட்டும் அபிநயப் பாட்டும் இல்லை என்பதுதான் குறை.

இந்தக் கேள்விக்கு உங்கள் ஊரிலேயே வாழ்ந்த ஒருவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். நடனக் கலைஞர் சந்திரலேகா, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952-இல் அவருடைய அரங்கேற்றம் ஆந்திரப் பகுதியான ராயலசீமாவின் வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. யமுனையில் தோழிகள் நீரில் விளையாடுவதை ஆடிக்கொண்டிருந்தவருக்கு, தகர டப்பாவோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களின் படங்கள் நினைவுக்கு வந்தன. ஆட முடியாமல் அப்படியே உறைந்து நின்றதாகப் பிற்பாடு சொன்னார். அந்த நொடியிலிருந்துதான் அவருடைய தேடல் தொடங்கியது என்று நான் நம்புகிறேன். 1985-இல் 'அங்கிகா'வில் கேரளப் போர்க்கலையான களரியையும் யோகத்தையும் பரதத்தின் அரைமண்டியையும் ஒரே உடம்பின் மொழியாக்கிக் காட்டினார். 1989-இல் 'லீலாவதி'யில் பழங்காலக் கணித மேதை பாஸ்கராச்சாரியாரின் கணக்குகள் ஆட்டமாயின. 2001-இல் 'சரீரா'வில் ஒரு பெண், ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்கள் பாடிய துருபத் என்னும் இந்துஸ்தானி இசை. எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் கண்ணை எடுக்க முடியாது. தற்கால நடனக் கலைஞர் பத்மினி செட்டூர் சந்திரலேகாவின் குழுவில் ஆடிவிட்டுத்தான் தனக்கென ஒரு வழி கண்டார். எங்களைப் போன்றவர்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

ஆகவே கேட்கிறோம். சீசனில் ஒரே ஒரு மாலைப்பொழுது, கம்பளம் விரிக்காத மரத்தரை, விளக்கு ஒத்திகைக்கு நான்கு மணி நேரம்.

தரையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று நினைக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களுக்குப் பிற்பகல் 2 மணி ஸ்லாட் ஒன்று கிடைத்தது. சிமெண்ட் மேடை, மேலே சிவப்புக் கம்பளம். எங்கள் ஆட்டத்தில் பாதி தரையோடுதான்; உருளுவோம், முழங்காலால் ஊர்ந்து போவோம். கம்பளத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, மாலை கச்சேரிக்கு மறுபடி விரிக்க ஆள் இல்லை என்றார்கள். சரி என்று ஆடினோம். முடிந்தபின் கிரீன் ரூமில் எங்கள் குழுவின் சின்னப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் தோல் உரிந்த இடத்தில் ஒட்டியிருந்த கம்பள நூலை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எது நூல், எது ரத்தம் என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் கொடுத்தது அதே அரை மணி நேரம்தான்.

அவள் இப்போது ஆடுவதில்லை.

நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் வருவதில்லை, இளைஞர்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு வருடமும் நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். ஆடுகிறவரே காசு கட்டி மேடை ஏறும் வழக்கம் வந்துவிட்டது. நடனத்துக்குப் பின்னால் தொங்கும் விளம்பர பேனரை ஒரு மணி நேரம் கழற்றி வைக்கக்கூட யாருக்கும் மனம் வருவதில்லை. பெயர் தெரியாத புது முயற்சி என்றாலே கதவு சாத்தப்படுகிறது. மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

சந்திரலேகா பிறந்தது 1928 டிசம்பர் 6. மறைந்தது 2006 டிசம்பர் 30, சீசன் நடந்துகொண்டிருந்த நாளில். 2028 டிசம்பரில் அவருக்கு நூற்றாண்டு வருகிறது. அன்று அவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு முன்பாகவே அந்த ஒரு மாலைப்பொழுதைக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். மரத்தரை உள்ள மேடை என்றால் போதும். கம்பளத்தை நாங்களே சுருட்டி வைத்து, முடிந்ததும் நாங்களே விரித்துவிடுகிறோம்.

விண்ணப்பத்தை இந்த மடலோடு மறுபடி இணைத்திருக்கிறேன். ஓரத்தில் அதே இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு நடன ஆசிரியை